சர்வர் மாற்றிய மறுநாள் போன் ஊமையானால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்த வியாபாரக் கடைகள், ஐந்து ரோடு பக்கத்து மருத்துவமனைகள், ஏற்காட்டு விடுதிகள் ஆகிய இடங்களில் ஐ.பி. போன்களையும் (கணினி நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்கள்) அவற்றை இணைக்கும் போன் சர்வரையும் பராமரிப்பது என் பிழைப்பு. பழைய சர்வரைக் கழற்றிப் புதியதை வைக்கும் வேலை பெரும்பாலும் சனிக்கிழமை இரவில் நடக்கும். ஞாயிறன்று யாரும் ரிசீவரைத் தொடமாட்டார்கள். திங்கள் காலை ஒன்பதரைக்கு என் கைபேசி அடிக்கும். "தம்பி, நீங்கள் வைத்துவிட்டுப் போன பெட்டி சரியில்லை."

பெட்டி சரியாகத்தான் இருக்கும். நான் பார்த்தவரை, மாற்றத்துக்குப் பின் வரும் குறைகளில் பெரும்பாலானவை புது சர்வரில் இருப்பதில்லை. பழைய சர்வரை இன்னும் மறக்காத ஏதோ ஒன்றில் இருக்கும். அது போனாக இருக்கலாம், ரவுட்டராக இருக்கலாம், தொலைபேசி நிறுவனத்தின் கருவியாகவோ லைசென்ஸாகவோ இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில், பணப்பையைத் திறக்க வைப்பது கடைசியில். எழுதியிருப்பது ஆஸ்டரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற போன் சர்வர் மென்பொருள் வகைகளை மனத்தில் வைத்து. மற்றவற்றில் மெனுவின் பெயர் மாறும், நோய் மாறாது.

தொடங்குமுன் இரண்டு விஷயங்கள். பழைய சர்வரின் மின்கேபிளையும் நெட்வொர்க் கேபிளையும் உருவி வெளியே வையுங்கள். அணைத்து வைத்தால் போதாது, ஏன் என்று பின்னால் வரும். இரண்டாவது, ஃப்ரீபிபிஎக்ஸில் மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். *43 அழைத்தால் நீங்கள் பேசுவதே திரும்பிக் கேட்கும். *60 சர்வரின் கடிகாரத்தை வாசிக்கும். *65 நீங்கள் எந்த எக்ஸ்டென்ஷனில் (உள் எண்ணில்) இருக்கிறீர்கள் என்று சொல்லும். பாதிக் குறைகளை இந்த மூன்றை வைத்தே பிரித்துவிடலாம்.

## அறிகுறி: ஒரு போன்கூடப் பதிவாகவில்லை

பதிவாவது என்றால் போன் சர்வரிடம் போய்த் தன் இருப்பைச் சொல்வது. மடிக்கணினியைப் போன்கள் இருக்கும் அதே சுவிட்சில் (நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பெட்டியில்) செருகி, சர்வர் முகவரிக்குப் பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்புங்கள். இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது.

### பிங் பதில் வரவில்லை

கேபிளைப் பாருங்கள். சர்வரின் முதுகில் இரண்டோ நான்கோ நெட்வொர்க் துளைகள் இருக்கும், மேலாண்மைக்கென்று தனியாக ஒன்றும் இருக்கலாம். அந்த மேலாண்மைத் துளையில் செருகினாலும் பச்சை விளக்கு எரியும், அதனால் எல்லோரும் ஏமாறுகிறோம். நானும் ஏமாந்திருக்கிறேன், அதுவும் ஒருமுறை அல்ல.

அடுத்தது சுவிட்ச் பக்கம். போன்களுக்கென்று தனி வி-லேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) போட்டிருக்கும் இடங்களில், பழைய சர்வர் செருகியிருந்த துளை அந்த வி-லேனைச் சேர்ந்தது. ரேக்கில் இடம் போதவில்லை என்று புது சர்வரைப் பக்கத்துத் துளைக்கு மாற்றியிருந்தால், அது கணினிகளின் வி-லேனில் போய் உட்கார்ந்திருக்கும். பழைய துளைக்கே மாற்றுங்கள். சுவிட்சின் கடவுச்சொல் தெரிந்தவர் வந்த பிறகு அழகுபடுத்திக்கொள்ளலாம்.

எல்லாப் போனும் விழாமல், மாடியில் உள்ள போன்கள் வேலை செய்கின்றன, ரவுட்டருக்கு அப்பால் இருக்கும் கிளைப் போன்களுக்கு மட்டும் பதில் இல்லை என்றால், ரவுட்டர் பழைய சர்வரின் மேக் முகவரியை (வன்பொருளின் அடையாள எண்ணை) இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. ஐ.பி. முகவரி ஒன்றுதான், பெட்டி வேறு. சாதாரணக் கருவிகள் சில நிமிடங்களில் மறந்துவிடும். சிஸ்கோ ரவுட்டர்களில் இயல்பான கெடு நான்கு மணி நேரம். எந்த ஐ.பி. எந்தப் பெட்டிக்கு என்று குறித்து வைக்கும் ஏ.ஆர்.பி. பட்டியலை அழித்தால் உடனே சரியாகும். அழிக்கத் தெரியாவிட்டால் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், ஆனால் பில் போடும் கணினிகளும் அதே ரவுட்டரில்தான் இருக்கின்றன என்பதைக் கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு.

### பிங் வருகிறது, போன் மட்டும் வரவில்லை

போர்ட் எண்ணை, அதாவது சர்வரில் போன் தட்டும் கதவின் எண்ணைப் பாருங்கள். சிப் என்பது அழைப்பை ஏற்படுத்தப் போனும் சர்வரும் பேசிக்கொள்ளும் மொழி. பழைய சர்வர்களில் போன்கள் அதற்கான சான்-சிப் என்ற இயக்கியில் இருந்தன. 2023இல் வந்த ஆஸ்டரிஸ்க் 21இலிருந்து அது எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது எல்லாம் பிஜே-சிப்தான். இரண்டும் ஒன்றாக இருந்த காலத்தில் ஒன்றுக்கு 5060, மற்றதற்கு 5160 என்று பிரித்து வைத்திருப்பார்கள். போன் 5160ஐத் தட்டிக்கொண்டிருக்கும், புது சர்வரோ 5060இல் மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கும். ஒரே ஒரு போனில் எண்ணை மாற்றிப் பாருங்கள். வந்துவிட்டால், நூறு போனுக்கும் கையால் மாற்றுவதைவிட சர்வரில் போர்ட்டை மாற்றுவது எளிது.

போன்கள் தம் அமைப்பை எங்கிருந்து எடுக்கின்றன என்பது அடுத்த கேள்வி. கருவிகளுக்கு ஐ.பி. முகவரியைத் தானாகக் கொடுக்கும் டி.எச்.சி.பி. சர்வரில் 66ஆம் விருப்பத்தில் பழைய முகவரி அப்படியே எழுதியிருக்கலாம். சிஸ்கோ போன்களுக்கு 150. புது சர்வருக்குப் புது ஐ.பி. கொடுத்திருந்தால் இதுதான் முதல் சந்தேகம்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: பிங் வருகிறது, போர்ட் சரி, கடவுச்சொல் சரி, அப்படியும் லாகில் (சர்வரின் நிகழ்வுப் பதிவில்) ஒரு வரிகூட விழவில்லை என்றால் இடையில் நெட்வொர்க் காவலான ஃபயர்வால் ஒன்று விழுங்குகிறது. அதைப் போட்டவரையே கூப்பிடுங்கள். விதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிட்டால், வெளிநாட்டு எண்களுக்கு இரவோடிரவாக அழைப்புகள் போய் மாதக் கடைசியில் பில் வரும்.

## அறிகுறி: இந்தப் போனிலிருந்து பேச முடிகிறது, இந்தப் போனுக்கு யாரும் பேச முடியவில்லை

விசித்திரமாகத் தோன்றும், ஆனால் காரணம் சின்னது. பல போன்கள் 3600 வினாடிக்கு ஒருமுறைதான் சர்வரிடம் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லும். நடுவில் சர்வர் மாறியது போனுக்குத் தெரியாது. வெளியே அழைக்கும்போது போன் தானாகப் போய்த் தன்னை அடையாளம் காட்டிக்கொள்வதால் அழைப்பு போகிறது. உள்ளே வரும் அழைப்புக்கு, அது எங்கே இருக்கிறது என்று சர்வருக்குத் தெரியவில்லை.

போனை அணைத்துப் போடுங்கள், அல்லது ஒரு மணி நேரம் பொறுங்கள். பி.ஓ.இ. சுவிட்சிலிருந்து மின்சாரம் எடுக்கும் போன்களானால் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டாலே எல்லாம் எழுந்து வரும். மாற்றத்துக்கு முந்தைய நாளே அந்த 3600ஐ 120 ஆக்கி வைத்தால் திங்கள் காலை அழைப்பில் பாதி குறையும்.

## அறிகுறி: பதிவாகிறது, விழுகிறது, மறுபடி பதிவாகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லீ பஜார் பக்கம் ஒரு மொத்தக் கடையில் மாற்றம் செய்து பத்து நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பதினோராம் நாள் காலை போன்கள் ஒளிந்து விளையாட ஆரம்பித்தன. பத்து போன் பச்சை, எட்டு போன் சிவப்பு. ஐந்து நிமிடம் கழித்துத் தலைகீழ். புது சர்வரில் ஒரு குறையும் இல்லை. பிங் பதில் ஒழுங்காக வந்தது, ஆனால் ஏ.ஆர்.பி. பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அதே ஐ.பி.க்கு வேறு வேறு மேக் முகவரி. படியேறி மாடிக்குப் போனால், மஞ்சள் மூட்டைகளுக்குப் பின்னால் பழைய சர்வர் தன் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பக்க நீல விளக்கின்மேல் மஞ்சள் தூள் படிந்து பச்சையாகத் தெரிந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. முந்தைய நாள் இரவு மின்சாரம் போய் வந்திருக்கிறது. மின்சாரம் திரும்பினால் தானாக எழுந்துகொள் என்று பயாஸில் (சர்வரின் அடிப்படை அமைப்பில்) ஒரு ஏற்பாடு உண்டு. போன் சர்வர்களில் அதை வேண்டுமென்றே இயக்கி வைத்திருப்போம். பழையது தன் கடமையைச் செய்தது. அதே முகவரியோடு எழுந்து பாதி போன்களைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. கேபிளை உருவி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அவசரத்துக்குத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று செருகியே வைத்திருந்தவர் கடைக்காரர் அல்ல, நான்தான்.

எனவே வரிசை இது: பழைய சர்வர் எழுந்திருக்கிறதா, பார். இல்லையென்றால் அதே ஐ.பி.யை யாராவது பிரிண்டருக்கோ கேமராப் பெட்டிக்கோ கொடுத்திருக்கிறார்களா, பார். சர்வரின் முகவரி டி.எச்.சி.பி. வரம்புக்குள் விழாமல் ஒதுக்கி வைத்திருக்கிறதா, பார். சர்வரின் கேபிளை ஒரு நிமிடம் உருவிவிட்டு அதன் முகவரிக்குப் பிங் அனுப்புங்கள். பதில் வந்தால் ஆள் மாறாட்டம் உறுதி.

### ஒரு கிளை முழுவதும் ஒரே நேரத்தில் விழுகிறது

இது வேறு நோய். கிளையில் உள்ள போன்கள் எல்லாம் இணையம் வழியாக ஒரே பொது முகவரியிலிருந்து வருகின்றன. அவற்றில் ஒன்றில் பழைய கடவுச்சொல் இருந்தால் போதும். அது திரும்பத் திரும்பத் தப்பாகச் சொல்ல, சர்வரில் இருக்கும் ஃபெயில்-டு-பேன் என்ற காவலாளி அந்த முகவரியையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். தடை நேரம் முடிந்ததும் எல்லாம் உயிர் பெறும், சற்றுப் பொறுத்து மறுபடி சாகும். தடைப்பட்டியலிலிருந்து முகவரியை நீக்குவது அரை வேலைதான். லாகில் எந்த எக்ஸ்டென்ஷன் என்று பார்த்து அந்தப் போனைத் தேடுங்கள். பெரும்பாலும் கிடங்கிலோ காவலாளி அறையிலோ, மாதக்கணக்கில் யாரும் எடுக்காத போனாக இருக்கும். ஒரு ஜவ்வரிசி ஆலையில் அது எடை மேடை அறையில், ஒரு நாட்காட்டிக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

## அறிகுறி: உள்ளுக்குள் பேசலாம், வெளியே போகவில்லை

### எந்த எண்ணுக்கும் போகவில்லை

தொழில் இணைப்பாகக் கொடுக்கப்படும் சிப் ட்ரங்க் (தொலைபேசி நிறுவனத்திலிருந்து வரும் வெளி இணைப்பு) பெரும்பாலும் தனி ஃபைபரில், தனி முகவரியோடு, சர்வரின் இரண்டாவது நெட்வொர்க் துளைக்கு வரும். புது சர்வரில் அந்தத் துளையின் பெயரே வேறாக இருக்கும். பழைய லினக்ஸில் அதற்கு ஒரு பெயர், புதியதில் நீளமாக வேறொரு பெயர். எனவே பழைய அமைப்பில் எழுதியிருந்த நிலையான ரவுட் (பாதைக் குறிப்பு) காற்றில் தொங்கும். முதலில் நிறுவனத்தின் எதிர்முனை முகவரிக்குப் போகும் பாதை சர்வரில் இருக்கிறதா என்று பாருங்கள். காசு செலவில்லை, பத்து நிமிட வேலை.

பாதை சரி, ஆனால் 403 என்று பதில் வருகிறது என்றால் அவர்கள் உங்களை மறுக்கிறார்கள். பழைய முகவரியையே அனுமதித்து வைத்திருக்கிறார்கள், அல்லது நீங்கள் அனுப்பும் அழைப்பாளர் எண்ணின் வடிவம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. 0427இல் தொடங்குகிறதா, 427இல் தொடங்குகிறதா, 91 முன்னால் வேண்டுமா என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம். பழைய சர்வரின் அமைப்பில் எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்கள். யோசித்துத் திருத்த வேண்டாம். அவர்கள் பக்கத்து அனுமதி என்றால் புகார் எண் வாங்கிக் காத்திருக்க வேண்டியதுதான், இதில் உங்கள் ஆள் செய்ய ஒன்றுமில்லை.

பி.ஆர்.ஐ. இணைப்பு வைத்திருப்பவர்களுக்குச் செலவு காத்திருக்கிறது. முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசக்கூடிய அந்த இணைப்பு சர்வருக்குள் ஓர் அட்டையில் வந்து சேரும். பழைய அட்டை பழைய பி.சி.ஐ. வகையாக இருந்தால் புது சர்வரில் அதைச் செருக இடமே இருக்காது. அட்டையை இழைத்து நுழைக்க முடியாது. பி.ஆர்.ஐ.யை நெட்வொர்க்குக்கு மாற்றித் தரும் தனிக் கேட்வே பெட்டி வாங்குங்கள். அதன்பின் சர்வரை எத்தனை முறை மாற்றினாலும் பி.ஆர்.ஐ. கேபிளைத் தொட வேண்டியதில்லை. மாற்றம் செய்வதற்கு முன்பே மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது.

### தரைவழி எண்களுக்குப் போகிறது, கைபேசிக்குப் போகவில்லை

2021 ஜனவரி 15 முதல் தரைவழி இணைப்பிலிருந்து கைபேசிக்கு அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும். அப்போது யாரோ ஒருவர் பழைய சர்வரில் அந்தப் பூஜ்யத்தைத் தானாகச் சேர்க்கும் விதியை எழுதியிருப்பார். ஊழியர்கள் பத்து இலக்கம் அடித்தே பழகிவிட்டார்கள். புது சர்வரைப் புதிதாக அமைத்தவருக்கு அந்த விதி இருந்ததே தெரியாது. வெளிச்செல்லும் வழியில் 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்க எண்ணுக்கு முன் 0 சேருங்கள், முடிந்தது.

### மலையில் உள்ளவர்களுக்கு மலை எண்களே கிடைக்கவில்லை

ஏற்காட்டில் ஒரு விடுதி, சேலத்தில் தலைமை அலுவலகம், இரண்டுக்கும் ஒரே சர்வர் என்று விரிவாக்கும்போது வருவது. முன்பு ஏற்காட்டில் இருந்த பெட்டி ஏற்காட்டு இணைப்பிலேயே வெளியே போயிற்று. அறையில் இருப்பவர் உள்ளூர் ஆறு இலக்கத்தை அடித்தால் போதும். இப்போது அழைப்பு மலையிறங்கி 0427 இணைப்பில் வெளியேறுகிறது. ஆறு இலக்கத்துக்கு முன்னால் 04281 சேர்க்கும் விதி வேண்டும். 112, 108 ஆகியவை எந்த விதியிலும் சிக்காமல் நேரே போகின்றனவா என்று பட்டியலில் சரிபாருங்கள். சேலத்து இணைப்பில் வெளியேறும் அவசர அழைப்பு ஏற்காட்டிலிருந்து வந்ததாகத் தெரியாது. விடுதி வரவேற்பில் இருப்பவரிடம், பேசும்போது இடத்தைச் சொல்ல வேண்டும் என்று தெரிவியுங்கள்.

## அறிகுறி: காலையில் அழைப்பவர்களுக்கு "அலுவலகம் மூடப்பட்டுள்ளது" என்ற குரல்

*60 அழையுங்கள். காலை ஒன்பதரைக்கு அது நான்கு மணி என்று சொன்னால் விடை கிடைத்துவிட்டது. புதிதாக நிறுவிய லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். உங்கள் கடை அதன் கணக்கில் மதியம் மூன்று மணிக்குத்தான் திறக்கும். நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றி, சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

வித்தியாசம் ஐந்தரை மணி இல்லை, ஆண்டே தவறாக இருக்கிறது என்றால், புதியது என்ற பெயரில் வாங்கிய பழைய சர்வரில் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. சி.ஆர். 2032, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். கடிகாரம் தவறினால் குறியாக்கம் போட்ட போன்கள் சான்றிதழ் செல்லாது என்று பதிவாகவும் மறுக்கும்.

## அறிகுறி: அழைப்பு இணைகிறது, ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை

*43 அழையுங்கள். உங்கள் குரல் திரும்பிக் கேட்டால் போனுக்கும் சர்வருக்கும் இடையே குறையில்லை. சிக்கல் சர்வருக்கு அப்பால். திரும்பிக் கேட்கவில்லை என்றால் சிக்கல் இந்தப் பக்கம்.

அப்பால் என்றால், சர்வர் தன் வெளி முகவரியை என்னவென்று உலகுக்குச் சொல்கிறது என்று பாருங்கள். பொது முகவரி எழுதும் கட்டத்தில் பழைய இணைப்பின் முகவரி இருக்கும், அல்லது 192.168இல் தொடங்கும் உள் முகவரி இருக்கும். எதிர்முனை குரலை அங்கே அனுப்பும், அது எங்கோ போய்க் காணாமல் போகும். உள் நெட்வொர்க்குகளின் பட்டியலில் எல்லாக் கிளைகளின் வரம்பும் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அந்தக் கிளைக்கு மட்டும் ஒருபக்கக் குரல்.

ரவுட்டரில், சிப் செய்திகளைத் திருத்தி அனுப்பும் சிப் ஏ.எல்.ஜி. என்று ஓர் உதவி இருக்கும். அணையுங்கள். அது உதவி செய்து நான் பார்த்ததில்லை.

குரல் போகும் போர்ட்டுகள் சிப் போர்ட்டிலிருந்து வேறு; ஆஸ்டரிஸ்கில் இயல்பாக 10000 முதல் 20000 வரை. புது சர்வரின் முகவரிக்கு இந்த வரம்பு திறக்கப்படாவிட்டால் மணி அடிக்கும், குரல் வராது.

### சரியாக அரை நிமிடத்தில் அறுந்துபோகிறது

கைக்கடிகாரத்தில் பாருங்கள். 32 வினாடி என்றால், எடுத்தாயிற்று என்று சர்வர் சொன்னதற்கு மறுமுனை கொடுத்த ஒப்புகை சர்வருக்கு வந்து சேரவில்லை. பொறுத்துப் பார்த்து சர்வரே அழைப்பை முடித்துவிடுகிறது. மேலே சொன்ன வெளி முகவரியும் ஏ.எல்.ஜி.யும்தான் இங்கேயும் குற்றவாளிகள்.

### பதினைந்து நிமிடத்தில் அறுந்துபோகிறது

அமர்வு நேரக் கெடு, அதாவது அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இரு முனையும் உறுதிசெய்துகொள்ளும் கெடு. 1800 வினாடி என்று ஒப்புக்கொண்டு பாதியில், அதாவது 900 வினாடியில் புதுப்பிக்கும்போது அந்தச் செய்தி வழியில் சிக்குகிறது. ட்ரங்க் அமைப்பில் அமர்வு நேரத்தை மறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அறுந்தால் அழைப்பின் பாக்கெட் பதிவை (நெட்வொர்க்கில் போன செய்திகளின் நகலை) எடுத்துத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பேச்சில் விளக்கிப் பயனில்லை, பதிவுதான் பேசும்.

## அறிகுறி: குரல் உடைகிறது, ரோபோ பேசுவது போலிருக்கிறது

ஒரு போனில் மட்டும் என்றால் அதன் கேபிளை மாற்றுங்கள். விடுதிகளில் வரவேற்பறையிலிருந்து கடைசிக் குடில் வரை செம்புக் கேபிளை இழுத்துவிடுவார்கள். 100 மீட்டர்தான் அதன் எல்லை. காப்பிச் செடிகளுக்கிடையே 140 மீட்டர் ஓடும் கேபிள் வெயிலில் வேலை செய்வது போலத் தோன்றும், மழை வந்தால் விழும். கோடை இடிமழையில் அதே கேபிள் மின்னலையும் உள்ளே அழைத்து வரும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் போடுங்கள். இது செலவுதான், ஆனால் எரிந்த சுவிட்சைவிடக் குறைந்த செலவு.

எல்லோருக்கும் உடைகிறது என்றால் எப்போது உடைகிறது என்று கேளுங்கள். காலை பத்து மணிக்குக் கிளைகள் கோப்பு அனுப்பும்போது என்றால் இணைப்பின் அகலம் போதவில்லை. ஜி.711 என்ற குரல் குறியீட்டு வகையில் ஓர் அழைப்பு ஒரு திசைக்கு 87 கிலோபிட் அளவுக்குக் கேட்கும். இருபது பேர் பேசினால் திசைக்கு ஏறக்குறைய 1.75 மெகாபிட். அது பெரிய எண் இல்லை. ஆனால் கோப்புப் பதிவேற்றம் முழு அகலத்தையும் விழுங்கும்போது குரலுக்கு வழிவிடச் சொல்லி ரவுட்டரில் முன்னுரிமை போட்டிருக்க வேண்டும். பழைய முகவரிக்குப் போட்டிருந்த முன்னுரிமை விதி புது முகவரிக்கு மாற்றப்பட்டதா என்று பாருங்கள்.

நாள் முழுவதும் உடைகிறது, சர்வர் மெய்நிகர் இயந்திரமாக (ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் பிரித்த தனிக் கணினியாக) ஓடுகிறது, அதே பெட்டியில் கணக்கு மென்பொருளும் இருக்கிறது என்றால், போன் சர்வருக்கு சி.பி.யு.வை ஒதுக்கிக் கொடுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் தனிப் பெட்டி. வேறு வழியில்லை.

### மலைக்கும் சமவெளிக்கும் இடையே மட்டும் சில அழைப்புகள் இணையவில்லை

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே வி.பி.என். (இணையம் வழியே போகும் தனிக் குழாய்) போட்டு இரண்டாவது சர்வர் சேர்த்த இடத்தில் இது வந்தது. பிங் போகிறது, போன் பதிவாகிறது, வரவேற்பறைப் பெரிய போன் மட்டும் அழைப்பு எடுக்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இரண்டு தடவை போய், போனை மாற்றி, கேபிளை மாற்றி, ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் தடவை மலையேறாமல் வீட்டிலிருந்தே பாக்கெட் பதிவைப் பார்த்தேன். அந்தப் போன் அனுப்பும் செய்தி பெரியது, வி.பி.என். குழாயின் அளவைத் தாண்டி இரண்டு துண்டாகிறது. இரண்டாவது துண்டு வந்து சேரவில்லை. தேவையில்லாத கோடெக்குகளை (குரல் குறியீட்டு வகைகளை) நீக்கியதும் செய்தி சுருங்கி முழுசாகப் போயிற்று. சிப்பை யு.டி.பி. என்ற அனுப்பும் முறைக்குப் பதில் டி.சி.பி.யில் ஓட விட்டாலும் சரியாகும். குறிப்பிட்ட சில போன்கள் மட்டும், தூரத்துக் கிளையில் மட்டும், என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

## அறிகுறி: போன்களைக் கூட்டிய பிறகு

### புதுப் போன்கள் ஒளிர்ந்து அணைகின்றன

பி.ஓ.இ. சுவிட்சின் மொத்த வாட் அளவைப் பாருங்கள். 24 துளை இருப்பதால் 24 போனுக்கும் மின்சாரம் உண்டு என்று பொருளில்லை, துளைக்கு 15.4 வாட் வரை தரலாம் என்பது ஒன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு என்பது வேறு. கேமராக்களும் அதே சுவிட்சில் இருந்தால் மின்சாரத்தை அவை தின்றுவிடும். இரண்டு போனுக்கு மின்னேற்பி தனியாகக் கொடுத்துப் பாருங்கள், ஒளிர்ந்து அணைவது நின்றால் பெரிய சுவிட்ச் வாங்குங்கள்.

### புதுப் போன்களுக்கு முகவரியே கிடைக்கவில்லை

டி.எச்.சி.பி. வரம்பு தீர்ந்தது. நூறு முகவரி ஒதுக்கிய இடத்தில் ஊழியர்களின் கைபேசிகளும் அதே வரம்பில் உட்கார்ந்திருக்கும்.

### ஐம்பது வரை வந்தது, ஐம்பத்தொன்றாவது வரவில்லை

லைசென்ஸ். கட்டண மென்பொருள்களில் அது சர்வரின் வன்பொருள் அடையாளத்தோடு கட்டப்பட்டிருக்கும். மெய்நிகர் இயந்திரத்தை நகலெடுத்தால் மேக் முகவரி மாறி அதுவும் செல்லாமல் போகும். விற்றவரிடம் பழைய அடையாளத்தை விடுவித்துப் புதியதுக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய வட்டை (ஹார்ட் டிஸ்கை) அழிக்குமுன் இதைச் செய்யுங்கள்.

### இரண்டாவது சர்வர் சேர்த்தும், முதல் சர்வர் விழுந்தால் எல்லாம் விழுகிறது

சேர்ப்பது ஒன்று, போன்களுக்கு அதைத் தெரிவிப்பது இன்னொன்று. போனின் அமைப்பில் இரண்டாம் சர்வருக்கான கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்கோவின் போன் சர்வர் மென்பொருளான கால் மேனேஜரில் முதன்மை சர்வருக்குப் பப்ளிஷர் என்றும் மற்றவற்றுக்குச் சப்ஸ்கிரைபர் என்றும் பெயர். அங்கே புது சப்ஸ்கிரைபரைக் கால் மேனேஜர் குழுவில் சேர்த்து, அந்தக் குழுவைப் போன்களின் டிவைஸ் பூலில் (போன்களுக்கான பொது அமைப்புத் தொகுப்பில்) வைக்க வேண்டும். அங்கே ஒரு சர்வரை மாற்றும்போது பெயர், ஐ.பி., மென்பொருள் பதிப்பு மூன்றும் பழையதைப் போலவே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பதிப்பு மாறினால் காப்புப் பிரதி திரும்ப ஏறாது. பப்ளிஷர் விழுந்தாலும் சப்ஸ்கிரைபர்களில் அழைப்புகள் ஓடும், அமைப்பைத்தான் மாற்ற முடியாது. ஆகவே பதற்றப்படாமல் உட்காருங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: கால் மேனேஜரின் தரவுத்தள நகலாக்கம் எல்லா சர்வரிலும் 2 என்ற நிலையைக் காட்டவில்லை என்றால் உடனே. போன் திரையில் நம்பகப் பட்டியல் புதுப்பிப்பு தோல்வி என்று வந்தாலும் உடனே. போன் பழைய சர்வரின் சான்றிதழை மட்டும் நம்புகிறது. அவசரப்பட்டுச் சான்றிதழ்களை மறுபடி மறுபடி உருவாக்கினால், கடைசியில் ஒவ்வொரு போனாகப் போய்க் கையால் அழிக்க வேண்டி வரும்.

## அறிகுறி: சில மாதம் ஓடிய பின் திடீரென்று எல்லாம் நிற்கிறது

வட்டு நிறைந்துவிட்டது. வாடிக்கையாளர் அழைப்புகளைப் பதிவு செய்யும் இடங்களில் அழைப்பின் ஒரு மணி நேரம் சுருக்காத கோப்பாக ஏறக்குறைய 58 மெகாபைட் பிடிக்கும். பத்துப் பேர் நாளுக்கு ஐந்து மணி நேரம் பேசினால் நாளுக்குக் கிட்டத்தட்ட 2.9 கிகாபைட். பழைய சர்வரில் இரவுதோறும் பழைய பதிவுகளை நீக்கும் ஒரு சின்னக் கட்டளை ஓடிக்கொண்டிருந்திருக்கும்; அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகியிருக்கும். அது புது சர்வருக்கு வரவில்லை. முதலில் குரலஞ்சல் பதிவாகாது, அடுத்து தரவுத்தளம் நிற்கும், கடைசியில் இணையப்பக்கமே திறக்காது.

கட்டளை வரிசையில் நுழைந்து மிகப் பழைய மாதத்தின் பதிவுகளை வெளிவட்டுக்கு நகர்த்துங்கள், அழிக்க வேண்டாம். தகராறு உள்ள கணக்குக்கு என்று உரிமையாளர் நாளைக்கே கேட்பார். பிறகு தரவுத்தளத்தை எழுப்புங்கள். எழ மறுத்தால் கையை எடுத்துவிடுங்கள், அது தரவுத்தளம் தெரிந்தவரின் வேலை. எழுந்துவிட்டால், பழைய சர்வரின் நேர அட்டவணைக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அதற்கு மட்டும் பழைய பெட்டிக்குத் திரும்ப மின்கேபிளைச் செருகலாம், நெட்வொர்க் கேபிளை அல்ல.